ஸ்டெம் செல் டிரிப்புக்கு 34,400 ரிங்கிட் கட்டினோம்: எங்கள் வீட்டில் நடந்தது

என் வீட்டுக்காரருக்கு 2022 மார்ச் மாதத்தில் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. அப்போது அவருக்கு வயது 44. மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டுபோகும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்பே இரண்டு மூன்று வாரமாக, லாரியில் ஏறி உட்கார்ந்தாலே மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெயிலில் அலைகிற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கைலியை மடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கணுக்காலுக்கு மேலே குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். கொசு கடித்திருக்கும் என்றார். கிட்டப் போய் விரலால் அழுத்திப் பார்த்தேன். கொசுக்கடி என்றால் அழுத்தும்போது சிவப்பு மறையும். இது மறையவில்லை. தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்த புள்ளி அது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் டவுனில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் உறைய உதவும் அணுவான பிளேட்லெட் 31 ஆயிரம். குறைந்தது ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். டிங்கி (டெங்கு) காய்ச்சல் பரிசோதனையில் ஒன்றும் காட்டவில்லை. ஆனாலும் ஆரம்பத்தில் காட்டாது, டிங்கியாகத்தான் இருக்கும், தண்ணீர் நிறைய குடிக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பிளேட்லெட் குறைந்தது என்றால் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். பின்கட்டில் இருந்த பப்பாளி மரத்தின் இலையை இடித்துச் சாறு பிழிந்து நாலு நாள் கொடுத்தேன். ஐந்தாம் நாள் மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. அன்றைய கணக்கு 9 ஆயிரம்.

முதல் நாள் எடுத்த அந்தப் பரிசோதனைத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஹீமோகுளோபின் 7.4. வெள்ளை அணு 1.9. பிளேட்லெட் 31. மூன்றுமே கீழே இருக்கின்றன. டிங்கியில் பிளேட்லெட் இறங்கும், வெள்ளை அணுவும் இறங்கும். ஹீமோகுளோபின் இந்த அளவுக்கு விழுவது வழக்கமில்லை. டிங்கியில் ரத்தம் கெட்டிப்படுவதால் அது ஏறித்தான் தெரியும். இதைப் பிறகு ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். நான் டாக்டர் இல்லை, ஆனால் தாளைக் கேட்டு வாங்கி மூன்று எண்ணையும் பார்த்து, "ஏன் டாக்டர் மூன்றும் குறைந்திருக்கிறது?" என்று கேட்டிருக்கலாம். கிளினிக்கில் ரத்தம் எடுத்தால் தாளின் ஒரு பிரதியைக் கையோடு வாங்கிவிடுங்கள். பிளேட்லெட் எவ்வளவு என்று வாயால் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். சிவப்பு, வெள்ளை, பிளேட்லெட் மூன்றும் ஒன்றாக விழுந்திருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஈப்போவில் இடுப்பெலும்பின் பின்பக்கம் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். வந்த டாக்டர் மலாய்க்காரர், மகன் வயதுதான் இருக்கும். படுக்கை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, "சும்சும் துலாங் கோசோங், புவான்" என்றார். எலும்பு மஜ்ஜை வெறுமையாக இருக்கிறதாம். கோசோங் என்ற சொல்லை அரிசி டின்னுக்கும் கேஸ் தோம்புக்கும் சொல்லித்தான் பழக்கம். மனுஷன் எலும்புக்குள் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. நோயின் பெயர் அப்ளாஸ்டிக் அனீமியா. ரத்த அணுக்களை உண்டாக்கும் தாய்ச்செல்கள், அதாவது ஸ்டெம் செல்கள், மஜ்ஜையில் இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்புத்தான் இருந்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்தச் செல்களைத் தாக்கி அழித்திருக்கிறது. இது புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டுவைத்தால் அதைவிட வேகமாக ஆளைக் கொண்டுபோகலாம் என்று சொன்னார்கள்.

ரத்த நோய்களுக்கு அரசாங்கத்தின் தலைமை மருத்துவமனை அம்பாங் ஆஸ்பத்திரி. ஏப்ரல் கடைசியில் அங்கே அனுப்பினார்கள். இரண்டு வழி சொன்னார்கள். உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால், அதை இவருக்கு ஏற்றும் மஜ்ஜை மாற்று சிகிச்சை பற்றிப் பேசலாம். பொருந்தாவிட்டால் ஏடிஜி என்ற மருந்து, கூடவே எதிர்ப்பு சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மாத்திரை. ஏடிஜி என்பது குதிரையின் ரத்தத்திலிருந்தோ முயலின் ரத்தத்திலிருந்தோ எடுக்கும் எதிர்ப்புப் பொருள். மஜ்ஜையைத் தாக்குகிற அணுக்களை அது அடக்கும். அடக்கினால் மிச்சமிருக்கும் தாய்ச்செல்கள் மறுபடி தழைக்கலாம். மூன்றில் இரண்டு பேருக்குப் பலன் தருகிறது, ஆனால் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் என்றார்கள். அவருக்கு ஒரே தங்கை. உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். அவளுக்குப் பொருந்தவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் இருந்தபோதே சொந்தக்காரர்கள் எல்லாரும் "நாங்க ரத்தம் தர்றோம்" என்று வந்து நின்றார்கள். தங்கையும் வந்தாள். மாற்று சிகிச்சை பற்றி முடிவாகும் வரை உடன்பிறந்தவர்கள், பெற்ற பிள்ளைகள் ரத்தத்தை நேராக இவருக்கு ஏற்றக் கூடாது என்று டாக்டர் தடுத்தார். அப்படி ஏற்றினால் இவர் உடம்பு அந்த ரத்தத்துக்கு எதிராகப் பழகிவிடும், பிறகு அவர்களுடைய மஜ்ஜையையே தள்ளிவிடலாம். அன்பில் செய்கிற காரியம்தான், ஆனால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். ரத்த வங்கிக்குப் பொதுவாகத் தானம் செய்யச் சொல்லுங்கள். எங்கள் ஆள்கள் பதினாலு பேர் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ஏடிஜிக்கு ஜூன் மாதம் இரண்டாம் வாரம் வந்து படுக்கச் சொல்லித் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதிக்கு நாங்கள் போகவில்லை. அதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

மே மாதம் வாரம் ஒருமுறை ஈப்போவுக்குப் போய் ரத்தமும் பிளேட்லெட்டும் ஏற்றிக்கொண்டு வருவோம். பிளேட்லெட் பை பழுத்த மாம்பழச் சாறு போல மஞ்சளாக இருக்கும். ஏற்றிய மூன்றாம் நாள் புள்ளிகள் மறுபடி வந்துவிடும். இந்தச் சமயத்தில் ஒரு கல்யாண வீட்டில் தெரிந்த அண்ணன் ஒருவர் எங்களைப் பார்த்தார். முன்பு சத்து மாவு, நீர் வடிகட்டி எல்லாம் விற்றவர். "தங்கச்சி, ஆஸ்பத்திரியில குதிரை மருந்து ஏத்தப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். அது உள்ள இருக்கிற எதிர்ப்பு சக்தியையும் கொன்னுடும். கேஎல்ல ஸ்டெம் செல் வந்துடுச்சு. தொப்புள்கொடியில இருந்து எடுக்கிறது. நரம்புல மூணு டிரிப் ஏத்தினா போதும், எலும்புக்குள்ள புதுசா ரத்தம் ஊறும்" என்றார். அன்று இரவே கைப்பேசிக்கு நாலு வீடியோ வந்தது. மறுவாரம் நேரில் வந்து வழவழப்பான ஒரு விளம்பரத் தாளைக் கொடுத்தார். அதில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கம் படமாக அச்சாகியிருந்தது. கீழே "ரத்த நோய்களுக்கு மெசன்கைமல் ஸ்டெம் செல்: உலக விஞ்ஞானிகள் நிரூபித்தது" என்று எழுதியிருந்தது.

நான் ஏன் நம்பினேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பேராசை இல்லை, மூடநம்பிக்கையும் இல்லை. ஆஸ்பத்திரியில் சொன்னது மூன்றில் இரண்டு. அந்த அண்ணன் சொன்னது நிச்சயம். பயத்தில் இருக்கிறவள் நிச்சயம் என்று சொல்கிறவர் பக்கம்தான் சாய்கிறாள். அதோடு ஸ்டெம் செல் என்ற சொல்லை அம்பாங் டாக்டரும் சொல்லியிருந்தார். மஜ்ஜையில் ஸ்டெம் செல் இல்லை என்பதுதானே நோய்? இல்லாததை ஏற்றினால் சரியாகிவிடும்தானே? கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. அது வேறு ஸ்டெம் செல் என்று சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை. இருந்த ஒரே டாக்டரிடம் கேட்க வெட்கப்பட்டேன். "ஆஸ்பத்திரியில சொல்லாதீங்க, திட்டுவாங்க, கார்டை மூடிடுவாங்க" என்று அந்த அண்ணன் சொன்னதையும் நம்பினேன். இப்போது சொல்கிறேன், உங்கள் டாக்டரிடம் சொல்லாதே என்று யார் சொன்னாலும் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

கோலாலம்பூரில் ஓர் உயரமான கட்டடத்தில் பதினேழாவது மாடி. தோல் நாற்காலி, மெல்லிய இசை, எலுமிச்சைப் புல் தேநீர். அம்பாங்கில் நாலு மணிநேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த எங்களுக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. ஒரு டிரிப் 16,000 ரிங்கிட், மொத்தம் மூன்று. கூடவே 2,400 ரிங்கிட்டுக்கு மாத்திரைப் பொட்டலங்கள். ஆங்கிலத்தில் ஆறு பக்கப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஜூன் கடைசியில் ஒரு டிரிப், ஜூலை கடைசியில் ஒரு டிரிப். இரண்டுக்கும் மாத்திரைக்குமாக 34,400 ரிங்கிட் போனது. கூட்டுச் சீட்டுப் பணம் எடுத்தது 6,000. என் தாலிச் சங்கிலியை அடகு வைத்தது 9,500. பெரியவனின் படிப்புக்குச் சேர்த்தது 8,000. மிச்சம் 10,900 என் அண்ணனிடம் கடன். அண்ணன் தன் வீட்டு முன்பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். அண்ணி இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை, அதனாலேயே அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

ரசீதில் ஸ்டெம் செல் என்ற சொல்லே இல்லை. "வெல்னஸ் பேக்கேஜ்" என்று மட்டும் இருந்தது. அப்போது நான் கவனிக்கவில்லை. பிறகு புகார் எழுத உட்கார்ந்தபோதுதான் அதன் அர்த்தம் புரிந்தது. எதற்குப் பணம் கட்டினோம் என்பதற்கே எங்களிடம் சாட்சி இல்லை. உடம்புக்குள் ஏற்றுகிற எதற்குப் பணம் கொடுத்தாலும், ஏற்றுகிற பொருளின் பெயர், அளவு, தயாரித்த இடம் எல்லாம் ரசீதில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். தரத் தயங்கினால் அதுவே பதில்.

முதல் டிரிப் ஏற்றிய இரவு குளிர்க்காய்ச்சல் வந்தது. போன் செய்தால், உடம்பு செல்லை ஏற்றுக்கொள்கிற அறிகுறி, நல்லதுதான் என்றார்கள். பிளேட்லெட் 8 ஆயிரம். இரண்டாவது டிரிப்புக்குப் பிறகு 7. மூன்றாவதில்தான் முழுப் பலன் என்றார்கள். ஆகஸ்ட் 11 இரவு 39.4 காய்ச்சல். விடியட்டும் என்று பாரசிட்டமால் கொடுத்துக் காத்திருந்தேன். விடியும்போது ஆள் பிதற்றிக்கொண்டிருந்தார். நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு 500க்குக் கீழே இருந்தால் கடுமையான நிலை என்பார்கள். இவருக்கு 100கூட இல்லை. நிமோனியா. ஈப்போவில் பதினோரு நாள், அதில் நாலு நாள் தீவிர சிகிச்சையில். வெள்ளை அணு குறைந்தவருக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தாலே அது அவசரம். கிளினிக்குக்குப் போக வேண்டாம், விடியக் காத்திருக்கவும் வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போய், முன்வாசலிலேயே "நியூட்ரோபில் குறைவு" என்று சொல்லி, ரத்த நோய்ப் பிரிவின் அட்டையைக் காட்ட வேண்டும். அந்த இரவின் ஆறு மணிநேரத்தை நினைத்தால் இப்போதும் தூக்கம் போய்விடும்.

செப்டம்பரில் அம்பாங்குக்குத் திரும்பிப் போனோம். விளம்பரத் தாளை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. தாளை இரண்டு பக்கமும் படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்தச் செல் ரத்தத்தை உண்டாக்காது." மஜ்ஜையில் இரண்டு விதமான ஸ்டெம் செல் இருக்கிறதாம். ரத்த அணுக்களை உண்டாக்குகிற செல் ஒன்று. இன்னொன்று இந்த மெசன்கைமல் செல். அது எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகியவற்றின் வழியில் வந்தது. மஜ்ஜையில் மிக மிகக் குறைவாகத்தான் இருக்கும். ரத்தச் செல்களுக்கு இடம் கொடுத்து, போஷாக்கும் சைகையும் அனுப்பிப் பக்கத்தில் நிற்பது அதன் வேலை. என் வீட்டுக்காரர் அதுவரை வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "நர்சரியில பாலிபேக் மண்ணு மாதிரியா டாக்டர்?" என்றார். "கன்னு செத்துப்போச்சு. நாங்க மண்ணை மட்டும் வாங்கிக் கொட்டியிருக்கோம்." நர்ஸ் தங்கச்சி அதை மலாயில் சொன்னதும் டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆமாம். அந்த மண்ணும் உங்கள் உடம்பில் போய் ஒட்டியிருக்காது" என்றார்.

அந்த விளம்பரத் தாளில் இருந்த ஆராய்ச்சி பொய்யா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. என் அக்கா மகள் உயிரியல் படித்து ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். அவளிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, பச்சைப் பேனாவால் கோடு போட்டுக் காட்டினாள். "சித்தி, கட்டுரை உண்மை. விஞ்ஞானியும் உண்மை. ஆனா இது சித்தப்பா நோயைப் பத்தினது இல்ல" என்றாள். சுவீடனில் கரோலின்ஸ்கா கழகத்தைச் சேர்ந்த கத்தரினா லெ பிளாங்க் என்ற விஞ்ஞானியும் குழுவினரும் 2004ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதியது அது. ரத்தப் புற்றுநோய்க்காக மாற்று சிகிச்சை செய்த ஒன்பது வயதுப் பையனுக்கு, வந்து சேர்ந்த புதிய எதிர்ப்பு அணுக்களே அவன் குடலையும் கல்லீரலையும் தாக்க ஆரம்பித்துவிட்டன. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. அவன் அம்மாவின் மஜ்ஜையிலிருந்து மெசன்கைமல் செல்லை எடுத்து வளர்த்து ஏற்றினார்கள். பையன் தேறினான். 2008ல் அவர்களே 55 நோயாளிகளின் முடிவை வெளியிட்டார்கள். 30 பேருக்கு முழுப் பலன். அங்கே அந்தச் செல் செய்த வேலை கொந்தளித்த எதிர்ப்பு அணுக்களை அமைதிப்படுத்தியது. ரத்தத்தைத் தந்தது முன்பே செய்த மாற்று சிகிச்சை. இந்த வழியில் வந்த ஒரு மருந்தை அமெரிக்காவின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ 2024 டிசம்பரில் அனுமதித்தது. அதுவும் மாற்று சிகிச்சைக்குப் பிறகு அந்தச் சிக்கல் வந்து ஸ்டீராய்டுக்கு அடங்காத குழந்தைகளுக்கு மட்டும்.

இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. ஒரு தாயின் செல்லை எடுத்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றிய வேலை அது. அந்த வேலையின் படத்தை அச்சடித்துத்தான் எங்கள் சங்கிலியை அவிழ்த்து வாங்கினார்கள். பெயரே குழப்பத்துக்குக் காரணம் என்று அவள் சொன்னாள். மஜ்ஜையில் ரத்தம் சாராத, கண்ணாடித் தட்டில் ஒட்டி வளர்கிற இந்தச் செல்களை சோவியத் விஞ்ஞானி ஃபிரீடன்ஸ்டைன் 1960களிலும் 70களிலும் கண்டு எழுதினார். 1991ல் ஆர்னால்டு காப்லன் என்ற அமெரிக்கர் மெசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயர் வைத்தார். அதே காப்லன் 2017ல், ஸ்டெம் செல் என்ற பெயர் மக்களைத் தவறாக நினைக்க வைக்கிறது, மாற்றுங்கள் என்று எழுதியிருக்கிறார். பெயர் வைத்தவரே வேண்டாம் என்ற சொல்லுக்கு நாங்கள் ஐந்து வருடம் கழித்துப் பணம் கட்டியிருக்கிறோம்.

எங்கள் நோய்க்கே இதை யாரும் பார்த்ததில்லையா என்றும் கேட்டேன். பார்த்திருக்கிறார்கள். பிரேசிலில் நடந்த ஆய்வு ஒன்று 2015ல் வந்தது. மற்ற மருந்து பலிக்காத அல்லது நோய் திரும்பிய 18 பேருக்கு இந்தச் செல்லை ஏற்றினார்கள். இரண்டு பேருக்கு ஓரளவு பலன், முழுப் பலன் ஒருவருக்கும் இல்லை. கொடுத்த செல் மஜ்ஜையில் தங்கியதற்கு அடையாளமும் இல்லை. மாற்று சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தால் உதவுமா, நோயாளியின் மஜ்ஜை மண்ணே கெட்டிருக்கிறதா என்றெல்லாம் இன்னும் ஆராய்கிறார்கள். அந்த ஆராய்ச்சி நடக்கட்டும், வெல்லட்டும் என்று நான் மனசாரக் கும்பிடுகிறேன்.

அதனால் உங்களிடம் யாராவது ஸ்டெம் செல் என்று வந்தால் முதலில், எந்த ஸ்டெம் செல், ரத்தம் உண்டாக்குவதா மெசன்கைமலா என்று கேளுங்கள். அடுத்து, எந்த நோய்க்கு, எத்தனை பேருக்கு, யார் கொடுத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். ஆராய்ச்சி என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் இருக்கும். சோதிக்கிற மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்குவது வழக்கமில்லை. ஆராய்ச்சி இல்லை, சிகிச்சைதான் என்றால் அந்தப் பொருள் பதிவாகியிருக்க வேண்டும். செல் சிகிச்சைப் பொருள்களை நம் நாட்டில் கண்காணிப்பது தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏ. 2021லிருந்து அந்த விதி நடப்பில் இருக்கிறது. என்பிஆர்ஏ தளத்தில் பொருளின் பெயரைப் போட்டுத் தேடலாம். படிக்கிற பிள்ளையிடம் கொடுத்தால் பத்து நிமிட வேலை. எங்கள் பெரியவன் பிறகு தேடினான். ஒன்றும் வரவில்லை.

நிமோனியா முழுதாகத் தெளிந்த பிறகு அக்டோபரில் ஏடிஜி கொடுத்தார்கள். நாலு மாதம் போய்விட்டது. அதற்குள் முப்பதுக்கு மேற்பட்ட பை ரத்தமும் பிளேட்லெட்டும் ஏறியிருந்தன. கழுத்தருகே குழாய் வைத்து, தினம் பன்னிரண்டு மணிநேரம் மெதுவாக இறக்கினார்கள். முதல் நாள் கட்டில் அதிர நடுங்கினார். பத்தாம் நாளுக்கு மேல் உடம்பெல்லாம் தடிப்பு, மூட்டு வலி. இது வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. இதையும் அந்தக் கட்டடத்தில் சொன்ன "நல்ல அறிகுறி"யையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். இங்கே என்ன வரும், எப்போது வரும், வந்தால் என்ன கொடுப்போம் என்று வருவதற்கு முன்பே சொன்னார்கள், தினமும் வந்து பார்த்தார்கள்.

சைக்ளோஸ்போரின் மாத்திரையின் அலுமினிய உறையைப் பிரித்தால் சாராயமும் வேறு ஏதோவும் கலந்த ஒரு நாற்றம் குப்பென்று வரும். காலை எட்டு, இரவு எட்டு. அந்த நாற்றம்தான் எங்கள் வீட்டுக் கடிகாரம். கையில் முடி அடர்ந்தது, ஈறு தடித்தது, ரத்த அழுத்தம் ஏறியது. எங்கள் பேராக்கில் இருப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பம்பளிமாஸ். தம்புன் பக்கம் சாலையோரக் கடைகளில் வலைப்பையில் தொங்குமே, அதேதான். சீனப் பெருநாளுக்கு இவருடைய தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு பை கொடுத்துவிட்டார். இவர் ஆசையாக ஒன்றை உரித்துத் தின்றுவிட்டார். அந்தப் பழம் சைக்ளோஸ்போரினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், சிறுநீரகத்துக்குக் கெடுதல். நாட்டு மருந்து, மூலிகைப் பொடி எதையும் டாக்டரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது. பல் பிடுங்குவது, தசையில் ஊசி போடுவது, ஆஸ்பிரின் இதெல்லாம் பிளேட்லெட் ஏறும் வரை கூடவே கூடாது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்பாங்கில் ஒரு தடவை நிபுணரைப் பார்க்க நாங்கள் கட்டியது ஐந்து ரிங்கிட். ஏடிஜிக்காக ஒரு மாதம் படுத்ததற்கு எங்கள் கையிலிருந்து போனது ஐந்நூறுக்கும் குறைவு. மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்று ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. முதல் வாரமே அங்கே போங்கள். மானியத்தில் வராத மருந்துக்கு சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு எழுதித் தருவது அவர்கள்தான். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கும் வழி காட்டினார்கள். மருத்துவக் குழு முன்னால் போய் வந்தோம், கிடைத்தது. இந்தக் கதவெல்லாம் திறந்தே இருந்தபோதுதான் நான் அடகுக்கடைக்குப் போனேன். எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது ரயில் டிக்கெட்டுக்கும், நான் இரவில் தங்குவதற்கும், பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் பணம். ஒரு மாதத்துக்கு ஆயிரம் ரிங்கிட் கையில் இருந்திருந்தால் போதும்.

புகாரைத் தனியார் மருத்துவத்தைக் கண்காணிக்கும் அமைச்சின் பிரிவுக்கு எழுதினோம். பெற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்தது. பணம் திரும்ப வரவில்லை. விற்ற அண்ணன் இப்போது எங்களைக் கோயிலில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவரும் கமிஷன் வாங்கியவர்தான், ஆனால் தன் சொந்த அம்மாவின் முட்டி வலிக்கும் அதே டிரிப்பைப் போட்டிருக்கிறார். அவரும் நம்பித்தான் செய்தார் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எனக்கு இன்னும் அந்த மனசு வரவில்லை.

2023 பிப்ரவரியில் ரத்தம் ஏற்றும் இடைவெளி நீண்டது. ஏப்ரலுக்குப் பிறகு ஏற்றவே இல்லை. கடைசியாகப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 10.8, பிளேட்லெட் 74 ஆயிரம். நோய் திரும்பலாம், அதனால் மாத்திரையை மிக மெதுவாகத்தான் குறைக்கிறார்கள். லாரி ஓட்டுவதில்லை. காலையில் என்னோடு தோட்டத்து எல்லை வரை நடந்து வருகிறார், படியேறினால் மூச்சு வாங்குவதில்லை. சங்கிலியை இன்னும் மீட்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி கட்டிச் சீட்டைப் புதுப்பிக்கிறேன். அந்த விளம்பரத் தாளைக் கிழித்துப் போடு என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். பச்சைக் கோடு போட்டபடியே அதைக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போன மாதம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா, தலசீமியா என்ற ரத்த நோய் உள்ள பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் அதே தாள், நிறம்தான் வேறு. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து படித்தோம்.